பத்துக் குஞ்சு பொரித்தும் மூன்றுதான் மிஞ்சுகிறது என்றால்

"எந்த இனக் கோழி வளர்த்தால் நட்டம் வராது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒரு வரிதான். அதற்கு முன்னால் எழுதியிருந்த விபரம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் அரை ஏக்கர் வளவு. 12 பேடு, 3 சேவல், எல்லாமே ஊர்க்கோழி. 12 முட்டை அடை வைத்தால் 9 அல்லது 10 பொரிக்கிறது. இரண்டு மாதம் கழித்து எண்ணினால் மூன்று நிற்கிறது. போன கார்த்திகை மழையில் பெரிய கோழிகளே 17 ஒரு கிழமைக்குள் செத்துப்போயின. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன, இரண்டு மூன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றின. பக்கத்து வளவு அக்கா, "ஊர்க்கோழியை விட்டுத் தள்ளு, ஐம்பது சிவப்பு லேயர் வாங்கு" என்கிறார், முட்டைக்கென்றே வளர்க்கும் பண்ணைக்கோழியை. இவ்வளவையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் கேட்பது இனத்தைப் பற்றியே இல்லை. "என் கோழிகள் எங்கே போகின்றன?" என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் எந்த இனத்தை வாங்கினாலும் அதுவும் அதே வழியில்தான் போகும்.

நான் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலுமாக 26 வருடம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கால்நடை வைத்தியர் இல்லை. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வைத்தியருக்கு முன்னும் பின்னும் வீடு வீடாகப் போனவன். உங்கள் கோழிகளை நான் பார்க்கவில்லை. செத்தவற்றை யாரும் வெட்டிப் பார்த்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே எது நிச்சயம், எது என் ஊகம், எது ஊர்ப்பேச்சு என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஊர்க்கோழிப் பேடு 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்குக் கிடக்கும். அடை 21 நாள். அதன்பின் குஞ்சுகளோடு இரண்டு, இரண்டரை மாதம் திரியும். எல்லாம் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு மாதம், வருடத்துக்கு மூன்று சுற்று. உங்கள் 12 பேடில் எட்டு மட்டும் ஒழுங்காக அடைகாக்கும் என்று வைத்தாலும் வருடத்துக்கு 24 அடை. அடைக்கு மூன்று குஞ்சு தேறினால் 72. ஆறு தேறினால் 144. கோழியும் அதேதான், முட்டையும் அதேதான், வளவும் அதேதான். ஒரு சதத்துக்குப் புதிய கோழி வாங்காமல் இரட்டிப்பாகிறது. இதனால்தான் இனத்தைப் பற்றிப் பேச நான் அவசரப்படவில்லை.

கார்த்திகையில் செத்த 17 கோழிகளுக்கு வருகிறேன். வளர்ந்த கோழிகள், சில நாளுக்குள் கூட்டமாகச் சாவு, பச்சை வெள்ளைக் கழிச்சல், கழுத்துத் திருகல், முன்பு தடுப்பு மருந்து எதுவும் கொடுக்கவில்லை: இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் ராணிக்கெட் நோய் என்றுதான் நான் சொல்வேன். உலகம் நியூகாசில் நோய் என்று சொல்வதும் இதைத்தான். 1920களில் இந்தியாவில் ராணிக்கெட் என்ற மலையூரில் கண்டறியப்பட்டதால் நம் பக்கத்தில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன். கோழிக் கொலராவிலும் பச்சைக் கழிச்சலும் திடீர்ச் சாவும் உண்டு. விற்றமின் குறைந்த குஞ்சும் கழுத்தைத் திருகும். ஆனால் விற்றமின் குறைவு ஒரு கிழமைக்குள் 17 பெரிய கோழியைக் கொண்டுபோகாது. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை: ராணிக்கெட் ஒரு வைரசால் வருவது, தடுப்பு மருந்து கொடுக்காத கூட்டத்தில் பத்தில் ஒன்பதுகூடச் சாகலாம், வந்தபின் மருந்து கிடையாது.

அது எப்படி வளவுக்குள் வருகிறது என்பதை என் சொந்தப் பிழை ஒன்றால் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு வீட்டில் கோழி சாகிறது என்று கூப்பிட்டார்கள். போனபோது வேலியோரத்தில் ஒரு சிவப்புப் பேடு சிறகைத் தொங்கவிட்டு, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. குந்தியிருந்து பார்த்தேன், கையால் தூக்கியும் பார்த்தேன். பிறகு கிணற்றடியில் கையைக் கழுவிவிட்டு, காலில் போட்டிருந்த அதே செருப்போடு அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். ஆறாம் நாள் அந்த வீட்டிலும் கோழி விழத் தொடங்கியது. நான்தான் கொண்டுபோனேன் என்று நிரூபிக்க முடியாது. காகமும் நாயும் எந்த வேலியையும் கேட்டுக்கொண்டு தாண்டுவதில்லை. ஆனால் நான் கொண்டுபோகவில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கையைக் கழுவியவன் காலைக் கழுவவில்லை. எச்சத்திலும் சளியிலும் இருக்கிற கிருமி செருப்பு, சைக்கிள் டயர், முட்டைத் தட்டு, உரப்பை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். சைக்கிளில் கூடு கட்டிக்கொண்டு வரும் வியாபாரியைப் படலைக்கு வெளியே நிற்கவைத்து, கோழியை நீங்கள் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் கூட்டில் இருக்கும் மற்றக் கோழிகள் எந்த ஊரில் ஏறியவை என்பது அவருக்கே நினைவிராது.

மழைதான் நோயைக் கொண்டுவருகிறது என்று ஊரில் சொல்வது பாதி உண்மை. மழைக்குள் கிருமி இல்லை. ஆனால் வெயிலும் வெக்கையும் அந்தக் கிருமியைக் கொன்றுவிடும். ஈரமும் நிழலும் அதைக் கூடுதல் நாள் உயிரோடு வைத்திருக்கும். மாரியில் கோழிகள் நனைந்து, ஒடுங்கி, ஒரே தாழ்வாரத்துக்குள் நெருக்கமாக நிற்கின்றன. அதோடு ஒரு வளவில் நோய் தொடங்கியதும் மிச்சத்தையாவது காசாக்குவோம் என்று அவசரமாக விற்கிறார்கள். அந்தக் கோழிகள் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் அடுத்த ஊருக்குப் போகின்றன. செத்ததை வாய்க்காலிலும் வாவியிலும் எறிகிறார்கள். என் அனுபவத்தில் மழையைவிட இந்த விற்பனையும் எறிதலும்தான் பெரிய காரணம். இது நான் கண்டதை வைத்துச் சொல்வது, அளந்து சொல்வதில்லை. செத்த கோழியை முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாய் கிண்டாதபடி மேலே ஒரு கல்.

தடுப்பு மருந்துதான் இதற்கு ஒரே கதவு. குஞ்சுக்கு முதல் கிழமையில் கண்ணில் ஒரு துளி, நான்காம் கிழமையளவில் திரும்ப ஒரு துளி, அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் எந்த வகை மருந்து இருக்கிறதோ அதைப் பொறுத்து நாளும் முறையும் சற்று மாறும், அவர்கள் சொல்வதையே கேளுங்கள். காலத்தை மட்டும் நான் சொல்கிறேன்: நம் பக்கம் வடகீழ்ப் பருவ மழை ஐப்பசி கடைசியில் பிடித்துவிடும். மருந்து உடம்பில் பிடிக்க ஒன்றிரண்டு கிழமை வேண்டும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் எல்லாக் கோழிக்கும் போட்டிருக்க வேண்டும். நோய் வந்தபின் ஓடிப்போய் மருந்து கேட்பவர்கள்தான் அதிகம். ஏற்கனவே கிருமி ஏறிய கோழிக்குத் துளி விட்டு, "மருந்து போட்டதால்தான் செத்தது" என்று பெயர் வாங்கித் தருவார்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். இந்த மருந்து 100, 200, அதற்கும் மேற்பட்ட கோழிகளுக்கான குப்பிகளாகத்தான் வரும். உங்களிடம் 15. குப்பியைக் கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று வைக்க முடியாது. கரைக்கும் வரை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன்பு, பிளாஸ்கில் ஐஸ் போட்டு இந்தக் குப்பிகளை வைத்துக்கொண்டு துறையில் படகுக்குக் காத்து நின்றிருக்கிறேன். ஐஸ் உருகும் சத்தம் காதில் கேட்பதுபோல இருக்கும். வெயில் பட்ட மருந்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவதைவிட, போடாமல் பயந்திருப்பது நல்லது. உங்கள் ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்தால் ஒரு குப்பி வீணாகாது. ஒரு பின்னேரம் குறித்து, கோழிகள் அடைந்தபின் டோர்ச் வெளிச்சத்தில் போடுங்கள். பகலில் வளவெல்லாம் துரத்த வேண்டியதில்லை. கோழியைக் கக்கத்தில் இடுக்கி, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கண்ணில் ஒரு துளி விடுங்கள். துளி நின்று மினுங்கும். கோழி ஒருமுறை இமைத்ததும் அது உள்ளே போய்விடும். அதைப் பார்த்தபின்தான் கையை விடவேண்டும். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாமல் உங்கள் கோழிக்கு மட்டும் போட்டாலும் பயனுண்டு, ஆனால் உங்கள் குஞ்சுகள் மருந்து பிடிக்கும் வயதுக்கு வருமுன் சுற்றிலும் நோய் இருந்தால் கஷ்டம்.

மஞ்சள், வேப்பிலை, சின்ன வெங்காயம், சீரகம் அரைத்து உருட்டிக் கொடுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொடுப்பதால் கெடுதியில்லை. கோழி அம்மைக் கொப்புளத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினால் புண் பழுக்காமல் காய்வதை நானே கண்டிருக்கிறேன். ராணிக்கெட் வந்த கோழி இதனால் பிழைத்தது என்று பலர் சத்தியம் செய்வார்கள். பத்தில் ஒன்று எதுவும் கொடுக்காமலே பிழைக்கும் நோயில் அந்தச் சத்தியத்தை நான் சாட்சியாக எடுப்பதில்லை. கெடுதியான பழக்கம் வேறொன்று இருக்கிறது. வீட்டில் மனிதருக்கு வாங்கி மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசையை உடைத்து அலகைத் திறந்து ஊட்டுவது. வைரசுக்கு அது எதுவும் செய்யாது. அந்தக் கோழியின் முட்டையை மறுநாள் உங்கள் பிள்ளை தின்னும்.

இனிக் குஞ்சுகள். உங்கள் நட்டத்தின் பெரும்பகுதி இங்கேதான், அதுவும் முதல் ஆறு கிழமைக்குள். காகம், வல்லூறு, பருந்து, கீரி, பூனை, மழைக்குளிர், தண்ணீர்ச் சட்டியில் விழுந்து சாவது: எதையும் விதி என்று விடவேண்டியதில்லை. நம் பெண்கள் விடியற்காலையில் வளவை மயிலிறகால் தடவியதுபோலக் கூட்டி வைப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் குஞ்சுக்கு ஒளிய ஒரு செத்தையோ, தாழ்ந்த செடியோ மிச்சமிருக்காது. மேலே சுற்றும் பறவைக்கு அது தட்டில் வைத்த சோறு. வளவின் ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள். சருகும் பூச்சியும் குஞ்சுக்குத் தீனியுமாகும்.

முதல் மூன்று கிழமை குஞ்சுகளைத் திறந்து விடவே வேண்டாம். வாவியில் மீனுக்குக் குத்தும் கரப்பு மாதிரி ஒரு பெரிய கரப்பு பின்னிக் கவிழ்த்தால் போதும். இன்னும் நல்லது, நான்கடிக்கு நான்கடியாகக் கம்பிவலைக் கூடு. தாயும் குஞ்சும் உள்ளே. தாயை அடைக்க மனமில்லாவிட்டால், குஞ்சு மட்டும் நுழையும்படி இரண்டு விரல் அகல இடைவெளி வைத்த தடுப்புக்குள் தீனியை வையுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுத்தீனியைப் பெரிய கோழிகள் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடும். குஞ்சுத்தீனி கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும். ஆறு கிழமைக்கு ஒரு குஞ்சுக்குச் சுமார் ஒரு கிலோ போகும். இந்த இடத்தில் சிக்கனம் பார்த்துக் குறுனலை மட்டும் போட்டால், குஞ்சு வளராமல் சிறகைத் தொங்கவிட்டு நிற்கும். பிறகு எந்தச் சளிக்கும் முதலில் அதுதான் விழும். தண்ணீரைத் தட்டையான சட்டியில் ஊற்றி நடுவே கூழாங்கல் போடுங்கள். வெப்பத்துக்கு விளக்கு வேண்டாம், தாயின் வயிறே விளக்கு. தாய் செத்துவிட்டால் மட்டும் பல்ப். அதுவும் பழைய இழை பல்ப். எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. இது தெரியாமல் ஒரு பெட்டிக் குஞ்சை விறைக்கவிட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

மூன்றாம் கிழமை முதல் ஆறாம் கிழமை வரை எச்சத்தில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல், கொக்சிடியோசிஸ். நனைந்த உமிப் படுக்கைதான் அதன் தாய்வீடு. இதற்கு மருந்து உண்டு, வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். உமியை அன்றே மாற்றுங்கள். மழை ஓய்ந்து நுளம்பு பெருகும்போது கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருப்பருவாக வருவது கோழி அம்மை. பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்று பயப்படவேண்டாம், நமக்கு வரும் கொப்புளிப்பானுக்கும் அதற்கும் உறவில்லை. அதற்கும் தடுப்பு மருந்து இருக்கிறது, சிறகுத் தோலில் குத்திப் போடுவது.

அடை வைப்பதில் உங்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. பன்னிரண்டில் பத்துப் பொரித்தால் அதில் திருத்த அதிகமில்லை. ஒரு கிழமைக்கு மேல் பழைய முட்டையைத் தவிருங்கள், அடைக்குச் சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்க வையுங்கள். ஏழாம் நாள் இரவு முட்டையை எடுத்துத் தொலைபேசி டோர்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள்: நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து சிலந்திவலை மாதிரிச் சிவந்த நரம்புகளும் தெரிந்தால் குஞ்சு பிடித்திருக்கிறது. தெளிவாக, வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். இடி இடித்தால் முட்டை கூழாகும் என்று கடகத்துக்குள் இரும்பாணியும் கரித்துண்டும் செத்தல் மிளகாயும் வைக்கிறார்கள். என் அம்மாவும் வைத்தார். இடியால் முட்டை கெடுவதில்லை. இடிமழைக் காலத்தில் தாய் பயந்து எழும்பிப்போவதும், படுக்கை ஈரமாவதும்தான் காரணம் என்பது என் எண்ணம். ஆணியை வையுங்கள், கடகத்தைத் தூவானம் படாத இடத்திலும் வையுங்கள்.

கூட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை; மரத்தில் அடைகின்றன என்று நினைக்கிறேன். மரத்தில் அடையும் கோழி மரநாய்க்கு. தரையில் கட்டிய கூடு 2011 தை வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் வாவிக்கு. மூன்றடிக் காலில், கமுகுச் சலாகையில் ஒரு விரல் இடைவெளி விட்ட தளம், கிடுகுக் கூரை, அரை அங்குலக் கம்பிவலை, நீளப்பாடு கிழக்கு மேற்காக. எச்சம் கீழே விழுந்துவிடும், அள்ளி வாழைக்குப் போடலாம். இரவில் மட்டும் அடையும் கோழிக்குத் தலைக்கு ஒரு சதுர அடி போதும். நான்கைந்து பேடுக்கு ஒரு முட்டைப் பெட்டி. கச்சான் என்ற வெக்கையான மேல்காற்று வீசும் மாதங்களில் மண்சட்டித் தண்ணீர் மர நிழலில் எப்போதும் இருக்கட்டும். வெக்கையில் கோழி தீனியைக் குறைக்கும், முட்டையையும் நிறுத்தும், அதை நோய் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரிய கோழிகளுக்கு வளவுத் தீனியோடு பின்னேரம் ஒரு கைப்பிடி, 40 கிராம் அளவில், போதும். 10 கிலோ கலக்கப் பார்த்தால் குறுனல் 4, தவிடு இரண்டரை, தேங்காய்ப் புண்ணாக்கு 2, காயவைத்த கூனி இறாலோ மீன்தூளோ 1, மட்டி ஓடு இடித்தது அரை. ஏறத்தாழ 15 சதவீதப் புரதம் வரும். கூனி உப்பில்லாமல் காயவைத்ததாக இருக்கவேண்டும். கருவாட்டுக் கழிவை அப்படியே போட்டு, உப்பு ஏறிக் கோழிகள் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றியே விழுந்து செத்த வீட்டை வாழைச்சேனைப் பக்கம் பார்த்திருக்கிறேன். அவர்களும் முதலில் ராணிக்கெட் என்றுதான் சொன்னார்கள். மாரியில் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு, சோளன் இரண்டையும் கோழிக்குக் கொடுத்துக் கழிக்கவேண்டாம், அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கும். உங்கள் ஊர் வாவியின் மேற்குக்கரையான படுவான்கரை, வயல் பக்கம் என்பதால் இன்னொன்று: வயலுக்கு மருந்தடிக்கும் நாட்களிலும், மருந்து புரட்டிய விதைநெல் வீசும் நாட்களிலும் கோழியை அடைத்து வையுங்கள். வரம்பில் எலிக்கு வைக்கும் நஞ்சும் அப்படியே.

சிவப்பு லேயர் விடயம். அக்கா சொல்வதில் பொய் இல்லை. அது வருடத்துக்கு 300 முட்டை வரை இடும், ஊர்க்கோழி 40, 50 இடும். ஆனால் லேயர் கிண்டித் தின்று முட்டையிடாது. ஒரு கோழிக்கு நாளுக்கு 110 கிராம் கடைத்தீனி. ஐம்பதுக்கு மாதம் 165 கிலோ. நாட்குஞ்சாக வாங்கினால் முதல் முட்டை வர 18, 20 கிழமை ஆகும், அதற்குள்ளேயே ஐம்பதும் 300 கிலோவுக்கு மேல் தின்றிருக்கும். இன்றைய மூட்டை விலையை நீங்களே பெருக்கிப் பாருங்கள். அடைகாக்காது, ஆகவே ஒன்றரை வருடத்தில் திரும்பவும் குஞ்சு வாங்கவேண்டும். 2022இல் டொலரும் சோளனும் இல்லாமல் தீவன விலை ஏறியபோது எத்தனை சின்னப் பண்ணைகள் கூட்டைக் கழற்றி விற்றன என்பதும், 2023இல் நாடே இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியதும் நினைவிருக்கும். அந்த நாட்களில் ஊர்க்கோழி வைத்திருந்த வீட்டில் முட்டை இருந்தது. லேயர் வளர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு மாரியைக் கோழி சாகாமல் கடந்து காட்டியபின் பத்து வாங்கிப் பாருங்கள். ராணிக்கெட்டுக்குச் சிவப்பும் ஒன்றுதான் கறுப்பும் ஒன்றுதான்.

சேவல் மூன்று உங்களுக்கு அதிகம். பத்துப் பேடுக்கு ஒன்று போதும். மூன்றும் உங்கள் வளவிலேயே பொரித்தவை என்றால் இரண்டை விற்றுவிட்டு, தூரத்து ஊரிலிருந்து ஒரு நல்ல சேவலைக் கொண்டுவாருங்கள். திருக்கோவில், பொத்துவில் பக்கம் உறவினர் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல இனச் சேவல் என்று சொல்லிப் பண்ணைச் சேவலை விட்டால் முட்டை கூடும், ஆனால் வரும் பேடுகளுக்கு அடைகாக்கும் குணம் குறையும். உங்களுக்கு இப்போது வேண்டியது அடைகாக்கும் கோழி. எந்தச் சேவல் வந்தாலும் இரண்டு கிழமை தனியே, மற்றக் கோழிகளின் காற்றுப் படாத மூலையில் கட்டி வைத்து, அதற்கும் மருந்து போட்டபின் அவிழ்த்து விடுங்கள்.

கடைசியாக, நான் பார்க்காமல் சொன்ன ராணிக்கெட் என்பதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. இனி ஒரு கோழி அதே மாதிரிச் செத்தால் உடனே புதைக்காதீர்கள். இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். பிறீசருக்குள் உறையவிட்டால் உள்ளே பார்க்கவேண்டியது கெட்டுவிடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் செத்தால் அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள், இல்லாவிட்டால் பூட்டிய கதவுக்கு முன்னால் கோழியும் நீங்களும் நிற்கவேண்டி வரும். போகும்போது எந்த நாளில் எத்தனை செத்தன, கடைசியாக எப்போது வெளியிலிருந்து கோழி வந்தது, என்ன தீனி போட்டீர்கள் என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.